பட்டம் இழுத்தால் மின்சாரம் வருமா? வாசகர் கேள்வி – பதில்

உயரக் காற்றில் பட்டம் பறக்கவிட்டு மின்சாரம் எடுக்கும் முறை பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே பட்டத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்: 50 சதுர மீட்டர் துணிப் பட்டம், 10 மில்லிமீட்டர் கயிறு, அதிகபட்ச நீளம் 400 மீட்டர், பட்டம் பறக்கும் இடத்தில் காற்றின் வேகம் நொடிக்கு 10 மீட்டர். எந்த நிறுவனத்தின் இயந்திரமும் அல்ல, கணக்குக்காக வைத்துக்கொண்டது.

கயத்தாறு வாசகர்: பட்டத்தில் காற்றாடி கட்டியிருப்பார்களா? மின்சாரம் கயிறு வழியாகவா கீழே வரும்?

இரண்டு வகை உண்டு. ஒன்றில் நீங்கள் சொல்வதுதான் நடக்கிறது. விமானம் போன்ற கெட்டியான இறக்கையில் சிறு காற்றாடிகளும் ஜெனரேட்டர்களும் இருக்கும். கயிற்றுக்குள்ளேயே மின்கம்பி ஓடும். அமெரிக்காவின் மக்கானி நிறுவனம் செய்தது இது.

இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் பின்பற்றுவது இரண்டாவது வகை. பட்டத்தில் ஜெனரேட்டர் கிடையாது. தரையில் ஒரு பெரிய உருளை, அதில் கயிறு சுற்றியிருக்கும், உருளையின் அச்சில் ஜெனரேட்டர். பட்டம் கயிற்றை இழுத்துக்கொண்டு மேலே போகப் போக உருளை சுழலும், மின்சாரம் வரும். கயிறு முழுவதும் ஓடித் தீர்ந்ததும் பட்டத்தின் பின்விளிம்பைத் தளர்த்துவார்கள். காற்றைப் பிடிக்காமல் பட்டம் சோர்ந்துவிடும். அப்போது அதே ஜெனரேட்டரை மோட்டாராக ஓட்டிக் கயிற்றைச் சுற்றி எடுப்பார்கள். பிறகு மறுபடி இழுக்க விடுவார்கள். மாடு கட்டிக் கிணற்றில் கமலை இறைத்த தலைமுறைக்கு இது புதிதல்ல: மாடு சரிவில் இறங்கும்போது வேலை நடக்கிறது, பின்னால் ஏறும்போது வெறும் திரும்பல்தான். திரும்பும்போது செலவாவதைவிட இறங்கும்போது கிடைப்பது பல மடங்கு இருக்க வேண்டும். பட்ட மின்சாரத்தின் வரவு செலவு முழுவதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

திருச்சி வாசகி: படங்களில் பட்டம் எட்டு போட்டுக்கொண்டே இருக்கிறதே, ஏன்? சும்மா நின்றால் ஆகாதா?

ஆகாது. நிற்கும் பட்டத்துக்குக் கிடைப்பது வீசும் காற்று மட்டும். காற்றுக்குக் குறுக்கே பாயும் பட்டத்துக்கோ தன் வேகத்தாலேயே பல மடங்கு காற்று கிடைக்கிறது. இழுவிசை வேகத்தின் வர்க்கமாகக் கூடும் என்பதால் லாபம் கொஞ்சநஞ்சமல்ல.

நம் பட்டத்தையே பாருங்கள். அதன் தூக்கு விசை, காற்றுத்தடையைப்போல 5 மடங்கு என்று வைத்துக்கொள்வோம் (கயிற்றின் தடையையும் சேர்த்துத்தான்). கயிறு தரையோடு 30 டிகிரி சாய்ந்திருக்கிறது, நொடிக்கு 2.9 மீட்டர் வீதம் வெளியேறுகிறது. அப்போது பட்டம் நொடிக்கு 29 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 104 கிலோமீட்டரில் எட்டு போடும். கயிற்றில் விழும் இழுவை சுமார் 24,000 நியூட்டன், நம் பேச்சில் 2.4 டன். அதே பட்டம் அதே காற்றில் சும்மா நின்றிருந்தால் 300 கிலோவைத் தாண்டாது.

வட்டம் போடாமல் எட்டு போடுவதற்குக் காரணம் கயிறு முறுக்கேறக் கூடாது என்பதே. இடது பக்கம் ஒரு சுற்று, வலது பக்கம் ஒரு சுற்று, முறுக்கு தானாகக் கழிந்துவிடும். சுழல் மூட்டு பொருத்தியவர்கள் வட்டமே போடலாம், போடுகிறார்கள்.

இந்தக் கணக்கை முதலில் முறையாக எழுதியவர் மைல்ஸ் லாய்ட். கலிபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர், 1980-ல் கட்டுரை வெளியிட்டார். ஒரு பெரிய போக்குவரத்து விமானத்தின் இறக்கையளவு, 576 சதுர மீட்டர், கொண்ட பட்டம் நொடிக்கு 10 மீட்டர் காற்றில் 6.7 மெகாவாட் தர முடியும் என்று காட்டினார். கயிறு எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதற்கும் அவர் கணக்கிலேயே விடை இருக்கிறது: காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. கயிற்றை விடாமல் பிடித்தால் இழுவை அதிகம், ஆனால் உருளை சுற்றாது. காற்றின் வேகத்திலேயே விட்டுவிட்டால் உருளை வேகமாகச் சுற்றும், இழுவை இருக்காது. நடுவில் உச்சம் அந்த மூன்றில் ஒரு பங்கில் விழுகிறது.

கோவை வாசகர்: 100 கிலோவாட் பட்டம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஓடினால் 100 யூனிட் கிடைக்குமா?

கிடைக்காது. வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், சுழற்சிச் சராசரி எவ்வளவு என்று.

நம் பட்டத்தின் ஒரு சுழற்சியைப் பிரித்துப் பார்ப்போம். கயிறு 200 மீட்டரிலிருந்து 400 மீட்டருக்கு ஓட 69 நொடி. அந்த நேரத்தில் உருளைக்கு வரும் திறன் 69 கிலோவாட். கியர், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து 12 சதவீதம் தின்றுவிட்டால் 61 கிலோவாட் கைக்கு வரும். அடுத்து, சோர்ந்த பட்டத்தை நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் இழுத்து எடுக்க 29 நொடி. சோர்ந்த பட்டமும் 300 கிலோ அளவுக்கு இழுக்கத்தான் செய்யும். அதற்கு மோட்டார் 24 கிலோவாட் குடிக்கும். வரவிலிருந்து செலவைக் கழித்து, 98 நொடிக்கு வகுத்தால் சராசரி 36 கிலோவாட்.

ஆக, உச்சத்தில் 69 காட்டும் இயந்திரம் சராசரியில் 36 தருகிறது. அதுவும் காற்று நொடிக்கு 10 மீட்டர் இருக்கும்வரைதான். திறன் காற்று வேகத்தின் மூன்றாம் அடுக்காக மாறுவதால், 8 மீட்டராகக் குறைந்தால் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

இதில் இன்னொரு தலைவலி. 69 நொடி வரவு, 29 நொடி செலவு என்று ஏறி இறங்கும் மின்சாரத்தை அப்படியே வீட்டுக்கோ சிறு கிராமத்துக்கோ கொடுக்க முடியாது. நடுவில் ஒரு சேமிப்பு வேண்டும். அளவு பெரிதில்லை, அரை யூனிட் போதும். ஆனால் நாளைக்கு 880 முறை ஏறி இறங்கும், வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல். அரை யூனிட்டுக்கு அரை யூனிட் பேட்டரி வாங்கி வைத்தால் சில வாரங்களில் அது செத்துவிடும். பல மடங்கு பெரிய பேட்டரியை வாங்கி மேலோட்டமாக மட்டும் உபயோகிக்க வேண்டும், அல்லது சூப்பர் கெபாசிட்டர் (அடிக்கடி ஏறி இறங்குவதைத் தாங்கும் மின்தேக்கி) போட வேண்டும். பத்துப் பட்டங்களை முறை வைத்து ஓட்டினால் ஒன்று சுற்றி எடுக்கும்போது மற்றவை இழுத்துக்கொண்டிருக்கும், பிரச்சினை பெரிதும் குறையும். ஒற்றைப் பட்டத்துக்கு அந்த வசதி இல்லை.

சிவகாசி வாசகர்: அவ்வளவு இழுவைக்கு என்ன கயிறு? இரும்புக் கம்பி வடம் தாங்காதா?

தாங்கும், ஆனால் பட்டத்தால் அதைச் சுமக்க முடியாது. 10 மில்லிமீட்டர் இரும்பு வடம் 100 மீட்டருக்கு 40 கிலோ கனக்கும். இதற்குப் பயன்படுவது டைனீமா போன்ற இழை. அடிப்படையில் பாலிஎத்திலீன்தான், ஆனால் மிக நீண்ட மூலக்கூறுகளை ஒரே திசையில் இழுத்து அடுக்கியது. அதே தடிமனில் 100 மீட்டருக்கு 5 முதல் 6 கிலோதான். தண்ணீரில் மிதக்கும். அறும் பாரம் 9 டன் அளவில் இருக்கும். நமக்கு வரும் 2.4 டன்னுக்கு மூன்று மடங்குக்கு மேல் பாதுகாப்பு. இதைவிட மெல்லியதாகப் போட ஆசை வரும். காற்றடி ஒன்று பலமாக வந்தால் இழுவை நொடியில் இரட்டிப்பாகும் என்பதை நினைத்து அடக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த இழைக்கு மூன்று பலவீனம். முதலாவது, சூடு. 145 டிகிரி அளவில் உருகிவிடும் என்றாலும் அவ்வளவு தூரம் போக வேண்டாம், 70 டிகிரி தாண்டினாலே வலு குறையும். வெயிலில் நிற்கும் உருளையில் சுற்றிய கயிறு, கப்பியில் மடங்கி மடங்கி உள்ளுக்குள் இழையோடு இழை உரசிச் சூடாகிறது. உருளைக்கு மூடி, காற்றோட்டம் இரண்டும் கட்டாயம். இரண்டாவது, தொடர்ந்து பாரத்தில் இருந்தால் மெதுவாக நீண்டுகொண்டே போகும், திரும்பச் சுருங்காது. மூன்றாவது, முடிச்சு. வழவழப்பான இழை என்பதால் முடிச்சு வழுக்கும், வழுக்காவிட்டால் அந்த இடத்தில் பாதி வலு போய்விடும். அதனால் கயிற்றின் முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னுவார்கள். செருகும் நீளம் தடிமனைப்போல 72 மடங்கு, நம் 10 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 72 சென்டிமீட்டர். செருகிய முனையைப் படிப்படியாக இழை உருவி மெலிதாக்க வேண்டும். ஒரேயடியாகத் தடித்து முடிந்தால் அந்த விளிம்பில்தான் முதலில் அறும்.

உருளையின் அளவிலும் கஞ்சத்தனம் கூடாது. கயிற்றுத் தடிமனைப்போல குறைந்தது 30 மடங்கு விட்டம் கப்பிக்கு வேண்டும். உருளைக்கு ஒரு மீட்டர் விட்டம் வைத்தால் 400 மீட்டர் கயிறு 127 சுற்று, 1.4 மீட்டர் நீளத்தில் ஒரே அடுக்காக உட்கார்ந்துவிடும். ஏன் ஒரே அடுக்கு என்றால், இரண்டாம் அடுக்கு 2.4 டன் பாரத்தில் கீழ் அடுக்கின் இடுக்கில் புதைந்து மாட்டும். மாட்டிய கயிறு விடும்போது ஒரு வெடுக்கு வரும், அந்த வெடுக்குக்குத்தான் இணைப்புகள் அறும். கயிறு எப்போதும் ஒரே இடத்தில் இறங்கும்படி உருளையே பக்கவாட்டில் நகர்வதுதான் நல்ல அமைப்பு.

சுழற்சிக்கு இரண்டு தடவை, நாளைக்கு 1,760 தடவை, அதே 200 மீட்டர் துண்டு கப்பியில் மடங்கி நிமிர்கிறது. எனவே கயிறு என்பது முதலீட்டில் சேர வேண்டிய பொருளே அல்ல. டீசல் போல, தொடர் செலவில் எழுதுங்கள். துணியும் அப்படித்தான். வருடத்துக்கு 8,760 மணி நேரம். புற ஊதாவிலும் மடிப்பிலும் துணிப் பட்டத்தின் ஆயுளோ சில நூறு மணி நேரத்திலிருந்து சில ஆயிரம் மணி நேரம் வரைதான்.

மதுரை வாசகர்: பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் காற்று வீசுகிறதே. அங்கேயே போய்விடலாமே?

கயிறு விடாது. 30 டிகிரி சாய்வில் 10 கிலோமீட்டர் உயரம் போக 20 கிலோமீட்டர் கயிறு வேண்டும். நம் கயிறானால் அதன் எடை மட்டும் 1,100 கிலோ. எடையைவிட மோசமானது காற்றுத்தடை. பட்டம் பாயும்போது கயிற்றின் மேல்பாதியும் கூடவே காற்றைக் கிழித்துக்கொண்டு பாய வேண்டும். 400 மீட்டர் கயிற்றின் தடை, பட்டத்தின் தடையில் எட்டில் ஒரு பங்குதான். 5 கிலோமீட்டர் ஆனால் பட்டத்தின் தடையைப்போல ஒன்றரை மடங்கு. தூக்கு விசைக்கும் தடைக்கும் உள்ள விகிதம் 5-லிருந்து 2.2-க்கு இறங்கும். திறன் அந்த விகிதத்தின் வர்க்கத்தோடு போவதால் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அவ்வளவு தூரம் போய்க் காற்று இரண்டு மடங்கு வேகமாக இருந்தாலும், கனத்த கயிறு, தாறுமாறான விமானப் பாதைகள் இவற்றையெல்லாம் கழித்தால் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

சாய்வைக் கூட்டிக் குறைந்த கயிற்றிலேயே உயரம் போகலாமே என்று அடுத்த கேள்வி வரும். கயிறு கிடையாக இருந்தால் கிடைக்கக்கூடிய முழுத் திறனில், 30 டிகிரியில் 65 சதவீதம் கிடைக்கிறது. 45 டிகிரியில் 35. 60 டிகிரியில் 12-தான். தலைக்கு மேலே நிற்கும் பட்டம் அழகாக இருக்கும், மின்சாரம் தராது.

எனவே "உயரக் காற்று" என்பதைப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 400 மீட்டர் கயிற்றுக்கு உயரம் 200 மீட்டர். இன்று ஓடும் இயந்திரங்கள் பெரும்பாலும் 100 முதல் 500 மீட்டருக்குள் வேலை செய்கின்றன. அதுவும் சின்ன லாபமல்ல. சமதரையில் 100 மீட்டரிலிருந்து 300 மீட்டருக்குப் போனால் காற்று 17 சதவீதம் கூடும் என்பது பொதுவான கணக்கு. அதன் திறன் 60 சதவீதம் கூடும். அவ்வளவு உயரக் கோபுரம் கட்ட எத்தனை டன் எஃகு, எத்தனை லோடு கான்கிரீட் என்று பார்த்தால் கயிற்றின் அருமை தெரியும்.

ராமேஸ்வரம் வாசகர்: காற்று திடீரென்று நின்றுபோனால் பட்டம் கடலில் விழுந்துவிடாதா?

விழாமல் இருக்க ஒரே வழி, தரையிலிருந்து காற்றை உண்டாக்குவது. மோட்டார் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கயிற்றை இழுத்தால் பட்டத்துக்கு 7 மீட்டர் காற்று வீசுவதாகவே தோன்றும், மிதந்துகொண்டே வரும். 400 மீட்டர் கயிறு தீர 57 நொடி. அதாவது காற்று நின்றதிலிருந்து கையில் இருப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்குள் பட்டத்தை, அதை ஏற்றி இறக்கும் கம்பத்துக்கு மேல் கொண்டுவந்துவிட வேண்டும்.

இதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கிரிட் மின்சாரம் போனால்? ஜெனரேட்டருக்குச் சுமை இல்லை, உருளை தறிகெட்டு ஓடும். மோட்டாராக ஓட்டவும் மின்சாரம் இல்லை. ஆகவே உருளைக்கு இயந்திர பிரேக் ஒன்று, உபரியை எரித்துத் தீர்க்க ரெசிஸ்டர் (மின்தடையாக்கி) கட்டு ஒன்று, முழுக் கயிற்றையும் ஒருமுறை சுற்றி எடுக்கப் போதுமான பேட்டரி ஒன்று, மூன்றும் தனித்தனியாக வேண்டும். பேட்டரி பெரிதல்ல. 400 மீட்டரைச் சுற்ற அரை யூனிட் கூட ஆகாது, ஆனால் 24 கிலோவாட் வேகத்தில் கொடுக்கத் தெரிந்த பேட்டரியாக இருக்க வேண்டும்.

பட்டத்துக்குக் கீழே தொங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் ஓட்டுநர். அதில் இரண்டு சிறு மோட்டார்கள்: ஒன்று இடது, வலது கயிறுகளை மாற்றி இழுத்துத் திருப்ப, மற்றொன்று பின்விளிம்பைத் தளர்த்த. தரையோடு பேச இரண்டு தனித்தனி ரேடியோ இணைப்பு. ஒன்று போனால் மற்றொன்று, இரண்டும் போனால் பெட்டி தானாகவே பட்டத்தைச் சோர வைத்துவிட வேண்டும். பெட்டிக்கும் கயிற்றுக்கும் நடுவில் குறித்த பாரத்தில் அறும்படி ஓர் உலோக இணைப்பு வைப்பார்கள். அது அறுந்தால் பட்டம் பறந்து போய்விடக் கூடாது. பட்டத்தின் ஒரு முனையைப் பிடித்த தனிக் கயிறு மட்டும் மிஞ்சி, பட்டம் கொடி போல மடங்கித் தொங்க வேண்டும்.

பறப்பது சுலபம், ஏறுவதும் இறங்குவதும்தான் கடினம். விபத்துக்கு அதிக வாய்ப்பு அங்கேதான். தரையருகில் காற்று மரம், கட்டடம், மேடு பள்ளத்தால் குழம்பிக் கிடக்கும். மேலே 10 மீட்டர் காற்று இருந்தும் கீழே 3 மீட்டர் இருந்தால் பட்டம் ஏறவே மறுக்கும். ஜெர்மனியின் ஸ்கைசெயில்ஸ் உயரமான கம்பத்தின் நுனியிலிருந்து துணிப் பட்டத்தை விரிக்கிறது. நார்வேயின் கைட்மில், டிரோன் போல நேரே மேலெழும்பும் சுழலிகளைக் கெட்டி இறக்கையில் பொருத்துகிறது. மின்சாரம் எடுக்கும் தொழில்நுட்பம் பழகிவிட்டது, ஆள் இல்லாமல் நள்ளிரவில் ஏறி இறங்கும் தொழில்நுட்பம் இன்னும் பழகவில்லை என்பதே இந்தத் துறையைப் பற்றி நம் கணிப்பு.

சேலம் வாசகர்: கூகுளே கைவிட்டுவிட்டதாமே. அப்புறமும் எதற்கு இந்தப் பேச்சு?

மக்கானி 2006-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது, 2013-ல் கூகுள் வாங்கியது. எம்600 என்ற அதன் பெரிய பட்டம் ஏறத்தாழ 26 மீட்டர் அகல இறக்கையும் எட்டுக் காற்றாடிகளும் கொண்டது, 600 கிலோவாட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. ஹவாயில் பறந்தது. 2019 ஆகஸ்டில் நார்வேக் கடலில் மிதவையிலிருந்து பறந்தது. அங்கேயே அடுத்த பறப்பில் பட்டத்தை இழந்தார்கள். 2020 பிப்ரவரியில் கூகுளின் தாய் நிறுவனம் கைவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தங்கள் வடிவமைப்பு, பறப்புப் பதிவுகள், பட்ட பாடு எல்லாவற்றையும் பொதுவில் வைத்துவிட்டுப் போனார்கள். இதைப் பெருந்தன்மை என்றே சொல்ல வேண்டும்.

அவர்களைக் கவிழ்த்தது பெரும்பாலும் எடை. ஜெனரேட்டர், காற்றாடி, மின்கம்பி எல்லாம் மேலே இருந்தால் பட்டம் கனக்கும். கனத்த பட்டம் வட்டத்தில் மேலேறும்போது வேகம் இழக்கும், குறைந்த காற்றில் மின்சாரம் தருவதற்குப் பதில் மின்சாரம் குடிக்கும். எதிர்பார்த்த 600 வரவில்லை. கெட்டி இறக்கை வைத்திருந்த நெதர்லாந்தின் ஆம்பிக்ஸ் பவரும் 2022-ல் திவாலானது.

ஜெனரேட்டரைத் தரையில் வைத்த துணிப் பட்டக்காரர்கள் அதிகம் பேசாமல் முன்னேறியிருக்கிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் விண்வெளி வீரர் வுபோ ஒக்கல்ஸ் தொடங்கிய ஆய்விலிருந்து 2016-ல் பிறந்தது கைட்பவர். 2021-ல் அரூபா தீவில் டச்சு ராணுவத்தோடு சேர்ந்து பறக்கவிட்டார்கள், பிறகு அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் சோதனைத் தளத்துக்கு வந்தார்கள். ஸ்கைசெயில்ஸ் முதலில் கப்பல் இழுக்கும் பட்டம் செய்தது, 2021 இறுதியில் மொரீஷியஸில் மின்சாரப் பட்டத்தை ஏற்றியது. இடங்களைக் கவனியுங்கள்: தீவு, ராணுவ முகாம், ஒதுக்குப்புறம். டீசல் ஜெனரேட்டர் ஓடும் இடங்கள். நம் பட்டம் நல்ல காற்றுள்ள ஒரு நாளில் தரும் 860 யூனிட்டுக்கு டீசல் என்றால் 250 லிட்டர், அதுவும் கப்பலில் வர வேண்டும். கன்டெய்னரில் வந்து இறங்கி, அஸ்திவாரம் இல்லாமல் ஓடும் பட்டத்துக்கு அங்கேதான் அர்த்தம் இருக்கிறது.

நாகர்கோவில் வாசகர்: முப்பந்தலில் இதை வைக்கலாமா? அனுமதி யாரிடம்?

முப்பந்தல் இதற்குப் பொருத்தமான இடமாகத் தோன்றவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று தரையருகிலேயே குவிந்து வீசுகிறது. சாதாரணக் காற்றாலையே நன்றாக ஓடும் இடத்தில் உயரம் போவதால் கிடைக்கும் கூடுதல் குறைவு. போதாததற்கு சுற்றிலும் காற்றாலைகள், உயர் அழுத்தக் கம்பிகள்.

இடமும் பார்க்க வேண்டும். 400 மீட்டர் கயிறு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விழலாம் என்று வைத்தால் 125 ஏக்கருக்குள் வீடு, சாலை, மின்கம்பி எதுவும் இருக்கக் கூடாது. அதே 125 ஏக்கரில் சோலார் போட்டால் 25 மெகாவாட் நிறுவலாம். பட்டத்துக்குக் கீழே விவசாயம் நடக்கலாம் என்பது உண்மை. இருந்தாலும் கிரிட் வந்துவிட்ட தமிழ்நாட்டுச் சமவெளியில் இன்றைய விலைக்கு இது எடுபடாது.

காற்று இல்லை என்பதல்ல பிரச்சினை. தென்மேற்குப் பருவத்தில் தீபகற்பத்தின் மேல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் பலமான மேலைக் காற்றோட்டம் ஓடுவதை ஜோசப், ராமன் என்ற இந்திய வானிலையாளர்கள் 1966-லேயே எழுதினார்கள். பட்டம் அதன் மையத்தை எட்டாது.

அனுமதி விஷயத்தில் ஒரு வேடிக்கை. இந்தியாவின் 1934-ம் ஆண்டு வானூர்திச் சட்டம் "வானூர்தி" என்பதன் வரையறைக்குள் பட்டத்தையும் சேர்த்தே எழுதியது. அதன் இடத்துக்கு 2025-ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. டிரோன்களுக்கே முன் அனுமதி இல்லாத உயரம், அதுவும் பச்சை மண்டலத்தில் (டிரோன் பறக்கத் தடையில்லாத பகுதியில்), 120 மீட்டர்தான். 200 மீட்டரில் 10 மில்லிமீட்டர் கயிறு நிற்கிறது என்றால் ஹெலிகாப்டர் விமானியின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. எனவே விமானப் போக்குவரத்துத் துறை, பக்கத்தில் சூலூர், உச்சிப்புளி போன்ற படைத்தளம் இருந்தால் பாதுகாப்புத் துறை, இரண்டின் அனுமதியும் இல்லாமல் ஒரு மணி நேரச் சோதனைக்குக்கூட இறங்க வேண்டாம்.

வேதாரண்யம் வாசகி: பறவைகள்?

பட்டத்தைவிடக் கயிறுதான் ஆபத்து. வேகமாகக் குறுக்கே பாயும் கயிற்றைப் பறவையால் கணிக்க முடியாது. கோடியக்கரை போன்ற வலசைப் பறவை இடங்களுக்கு அருகில் வேண்டவே வேண்டாம்.

சென்னை வாசகர்: மழை, இடி?

மழை துணியைக் கனக்கச் செய்யும், நனைந்த கயிறு மின்சாரம் கடத்தும். இடி மேகம் வருவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். வந்தபின் யோசிப்பது கிடையாது. கோடை இடிமழை நாட்களில் பட்டம் தரையில் கிடக்கும் மணிநேரத்தை வருமானக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி பொறியியல் மாணவர்: கல்லூரியில் சின்ன அளவில் செய்து பார்க்க முடியுமா? ஜெனரேட்டர், உருளை எல்லாம் எவ்வளவு ஆகும்?

முதல் கட்டத்துக்கு ஜெனரேட்டரே வேண்டாம். ஒரு சதுர மீட்டர் இரட்டைக் கயிற்றுப் பட்டம், கைப்பிடிக் கட்டை, 50 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு, காற்று வேகமானி, கைப்பேசி. இவ்வளவு போதும்.

கட்டையின் நடுவிலிருந்து வரும் கயிற்றில் தராசைக் கோத்து, மறுமுனையை இடுப்புப் பட்டையில் சட்டென்று கழற்றும் கொக்கியால் மாட்டுங்கள். காற்று நொடிக்கு 6 மீட்டர் உள்ள மாலையில், பட்டத்தை நிறுத்தி வைத்து அளந்தால் 2 கிலோ அளவில் காட்டும். அதே பட்டத்தை 30 டிகிரி உயரத்தில் எட்டு போட வையுங்கள். தூக்கு விசை, தடையைப்போல 4 மடங்கு உள்ள பட்டம் என்றால் 25 கிலோவைத் தொடும். தராசை ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும், கண்ணால் படிக்க முடியாத அளவுக்கு முள் ஆடும்.

அடுத்து, எட்டு போட்டுக்கொண்டே காற்று போகும் திசையில் நொடிக்கு 1.7 மீட்டர் வேகத்தில், அதாவது விறுவிறுவென்று நடங்கள். உங்கள் நடைதான் உருளையிலிருந்து ஓடும் கயிறு. இழுவை 12 கிலோ அளவுக்கு இறங்கும். 12 கிலோவை நியூட்டனாக்கி வேகத்தால் பெருக்கினால் 200 வாட். மெதுவாக நடந்தும், ஓடியும் பார்த்து ஒவ்வொரு வேகத்திலும் பெருக்குத் தொகையை வரைபடமாக்குங்கள். உச்சம் மூன்றில் ஒரு பங்கில் விழுகிறதா என்று தெரிந்துவிடும். விழாவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்று வேகமானியை. தலைக்கு நேரே அளந்த காற்றும் பட்டம் இருக்கும் இடத்துக் காற்றும் ஒன்றல்ல, வேகமானியை முடிந்தவரை உயரமான கம்பத்தில் கட்டுங்கள்.

கயிறு 100 கிலோ தாங்கும் டைனீமாவாக இருக்கட்டும். மாஞ்சா, மீன்பிடி நைலான் இரண்டும் கூடாது. நைலான் ரப்பர்போல இழுபட்டு அளவையும் கெடுக்கும், அறுந்தால் முகத்திலும் அடிக்கும். தோல் கையுறை போடுங்கள், கயிற்றை விரலில் சுற்றாதீர்கள். 11 கேவி கம்பியிலிருந்து கயிற்று நீளத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி நில்லுங்கள். 3 சதுர மீட்டர் பட்டம் கிடைக்கிறது என்று அதற்கு ஆசைப்பட வேண்டாம். 75 கிலோ இழுவை என்றால் அது உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்.